தோட்டத்து டாக்டர் குப்புசாமி, சுவாமி சிவானந்தர் ஆன கதை

நினைத்ததை மனத்தில் படமாகப் பார்த்து, அது கிடைத்துவிட்டதாகவே நம்பினால் கைகூடும் என்ற பேச்சு இப்போது தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பரவலாகக் கேட்கிறது. வாங்க நினைக்கும் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் இத்தனை 'ஏ' வாங்கிவிட்டேன் என்று தினமும் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் மாணவர்களும் உண்டு. நினைத்தது நடக்காதபோதுதான் சிக்கல். நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

மனத்தின் வலிமையைப் பற்றி நூல் நூலாக எழுதிய ஒரு தமிழர், நூறாண்டுகளுக்கு முன் மலாக்காவின் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்ட மருத்துவமனை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் டாக்டர் குப்புசாமி. பின்னாளில் ரிஷிகேசத்தின் சுவாமி சிவானந்தராக உலகம் அவரை அறிந்தது. நினைத்ததை அடைவது எப்படி என்பதோடு, நினைத்தது கிடைக்காதபோது என்ன செய்வது என்பதற்கும் அவர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

பத்தமடையில் பிறப்பு

திருநெல்வேலிச் சீமையில் கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் பத்தமடை. அங்கே 1887 செப்டம்பர் 8-ஆம் நாள் வேங்கு ஐயர், பார்வதி அம்மாள் தம்பதியருக்கு மூன்றாவது மகனாகக் குப்புசாமி பிறந்தார். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பைய தீட்சிதரின் வழி வந்த குடும்பம் அது. தந்தை எட்டயபுரம் சமஸ்தானத்தில் அலுவல் பார்த்தார். ஆகவே குப்புசாமியின் பள்ளிப் படிப்பு எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளியில் அமைந்தது. மகாகவி பாரதி பிறந்த ஊரும் அதுதான்.

படிப்பில் மட்டுமல்லாமல் உடற்பயிற்சியிலும் பாட்டிலும் நாடகத்திலும் சிறுவனுக்கு ஆர்வம் இருந்தது. 1901-இல் சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு அந்தப் பக்கம் வந்தபோது வரவேற்புப் பாடல் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறி, திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் சேர்ந்தார். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் பெண் வேடம் போட்டு நடித்ததும் அங்கேதான். அதன்பின் தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றார்.

நூறு ரூபாயில் ஒரு பத்திரிகை

மருத்துவ அறிவு சாதாரண மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது குப்புசாமியின் எண்ணம். 1909-இல் 'அம்புரோசியா' என்ற பெயரில் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார். தாயார் கொடுத்த நூறு ரூபாய்தான் முதல். எழுத ஆள் கிடைக்காத மாதங்களில் பல புனைபெயர்களில் அவரே கட்டுரைகளை எழுதிப் பக்கங்களை நிரப்பினார். கேட்டவர்களுக்கு இதழை இலவசமாகவும் அனுப்பி வைத்தார். சுமார் நான்கு ஆண்டுகள் இதழ் நடந்தது. ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியவில்லை.

சென்னைக்குப் போய் டாக்டர் ஹாலர் என்பவரின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். கணக்கும் எழுத வேண்டும், மருந்தும் கலந்து கொடுக்க வேண்டும். இதழுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நிலையில்தான் மலாயாவுக்குப் போவது என்று முடிவெடுத்தார். கடல் கடந்து போவதை ஆசாரக் குடும்பங்கள் விரும்பாத காலம் அது.

இதழ் நடத்தியதால் பணம் சேரவில்லை என்றாலும் வேறு ஒன்று சேர்ந்தது. மாதாமாதம் மருத்துவம் பற்றி எழுத வேண்டுமானால் மாதாமாதம் படிக்க வேண்டும். அப்படிப் படித்தது சிரம்பானில் கைகொடுத்தது.

சிரம்பானில் கால் வைத்தபோது

1913-இல் 'தாரா' என்ற கப்பலில் குப்புசாமி புறப்பட்டார். சைவ உணவுப் பழக்கத்தில் பிடிவாதமானவர் என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. தாயார் கட்டிக் கொடுத்த இனிப்புப் பலகாரங்களைத் தின்று, தண்ணீர் குடித்தே பயணத்தை ஓட்டினார். கரை சேர்ந்தபோது பாதி உயிர்தான் மிச்சம் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

சிரம்பானில் டாக்டர் ஐயங்கார் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வேலை எதுவும் காத்திருக்கவில்லை. ஐயங்கார் அவரை டாக்டர் பார்சன்ஸ் என்பவரிடம் அனுப்பினார். பார்சன்ஸிடமும் காலியிடம் இல்லை. ஆனால் வந்தவரைப் பிடித்துப்போனதால், பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் மானேஜர் ராபின்ஸிடம் அறிமுகம் செய்து வைத்தார். அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை இருந்தது.

ஒரு மருத்துவமனையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று துரை கேட்டார். ஒன்று என்ன, மூன்றையும் பார்த்துக்கொள்வேன் என்று குப்புசாமி பதில் சொன்னார். அன்றே வேலை கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் அந்தப் பதிலோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் வேலை கிடைத்த மறுநாளிலிருந்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வார்டைச் சுற்றி வருவது, மருந்து கலப்பது, கருவிகளைப் பழகுவது, மருந்துக் கையிருப்பையும் கணக்கையும் பார்ப்பது என எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. வேலைப் பளு தாங்காமல் விலகிவிடலாமா என்று நினைத்த நாளும் வந்தது. துரை விடவில்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அன்றைய தோட்ட வாழ்க்கை

மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் கன்று நட்டதிலிருந்து காடுகள் வேகவேகமாகத் தோட்டங்களாக மாறின. நெகிரி செம்பிலானிலும் அதே கதைதான். ஒப்பந்தக் கூலி முறையில் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆட்களை அழைத்து வந்தார்கள். லயங்களில் கூட்டமாகக் குடியிருந்தவர்களுக்கு மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் தீராத தொல்லையாக இருந்தன.

கொயினா மருந்தும், தேங்கி நிற்கும் நீரை வடித்துக் கொசுவை ஒழிப்பதும்தான் மலேரியாவுக்கு அன்றைய வழி. கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் அதை 1901 முதல் செய்து காட்டியிருந்தார். நம்பிக்கை நோயாளிக்குத் தெம்பு தரும். ஆனால் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்ட மண்வெட்டி வேண்டும். தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது.

டாக்டர் குப்புசாமி ஏழைத் தொழிலாளர்களிடம் பணம் எதிர்பார்க்காமல் வைத்தியம் பார்த்தார் என்றும், குணமாகிப் போகிறவர்களின் பத்தியச் செலவுக்குத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வேலை நேரம் போக மீந்த நேரத்தில் வீட்டு வைத்தியம், பழங்களும் உடல்நலமும், பொதுச் சுகாதாரம், நோய்களுக்கான தமிழ்ப் பெயர்கள் என்ற பொருள்களில் நூல்கள் எழுதினார். சிங்கப்பூரின் 'மலாயா டிரிபியூன்' நாளிதழிலும் கட்டுரைகள் எழுதினார்.

வெற்றி கைக்கு வந்த பிறகு

பின்னர் ஜொகூர் பாருவுக்கு மாறி, 'ஜொகூர் மெடிக்கல் ஆபீஸ்' என்ற மருத்துவ நிலையத்தில் டாக்டர் பார்சன்ஸ், டாக்டர் கிரீன் ஆகியோருடன் சேர்ந்து பணியாற்றினார். சிரம்பானிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதை மலாக்காவின் புலாவ் செபாங் வழியாகத்தான் போகிறது. 1909 முதல் அந்தத் தடத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜொகூரில் அவருக்கு நல்ல வருமானமும் பெயரும் இருந்தன. லண்டன் மருத்துவ, சுகாதார அமைப்புகளில் உறுப்பினரானார். நல்ல உடையிலும் நகையிலும் அப்போது தமக்கு ஆசை இருந்ததை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. பத்தமடையிலிருந்து புறப்பட்ட இளைஞன் எதற்காகக் கப்பல் ஏறினானோ அது முழுக்கக் கிடைத்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் சாது ஒருவர் நோயுற்று அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். குணமானதும் வேதாந்தம் பற்றிய நூல் ஒன்றை டாக்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்து அனுப்பிய உடம்புக்கு மறுபடியும் நோய் வருகிறது. பணமும் பெயரும் உள்ள மனிதனுக்கும் துக்கம் வருகிறது. இதற்கு மருந்து எது என்பதே அந்தக் கேள்வி.

1923-இல் வேலையை விட்டார். சென்னையில் இறங்கி, கொண்டுவந்த சாமான்களை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வடக்கே நடையைக் கட்டினார். காசி, பண்டரிபுரம் என்று அலைந்தார். வழியில் ஒரு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டு சில காலம் தங்கினார். ரிஷிகேசத்துக்குப் போகும்படி யோசனை சொன்னவர் அந்தப் போஸ்ட்மாஸ்டர்தான். 1924 மே மாதம் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தார். ஜூன் 1-ஆம் நாள் விசுவானந்த சரஸ்வதி என்ற துறவி அவருக்குச் சந்நியாசம் வழங்கிச் சிவானந்தர் என்று பெயர் வைத்தார்.

துறவியின் கையில் மருந்துப் பெட்டி

துறவறம் பூண்ட பிறகும் அவர் மருத்துவத்தை விடவில்லை. பழைய ஆயுள் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, 1927-இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். பத்ரிநாத் யாத்திரை போகிறவர்களுக்கு அது பெரும் உதவியாக இருந்தது. அவரைப் பற்றி வழங்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மருந்து வாங்கிப் போன யாத்திரிகர் ஒருவருக்கு இதைவிட நல்ல மருந்து இருக்கிறதே என்று இரவில் தோன்றியதாம். விடியுமுன் கிளம்பி, சில மைல் தூரம் மலைப்பாதையில் ஓடிப்போய் அவரைப் பிடித்து அந்த மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

பால் வாங்கிக் குடிக்கும்படி ஒருவர் கொடுத்த ஐந்து ரூபாயைக் கொண்டு துண்டுப் பிரசுரம் அச்சடித்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த ஐந்து ரூபாயில் தொடங்கிய எழுத்துப் பணி, அவர் காலத்திலேயே 200-க்கும் மேற்பட்ட நூல்களாக வளர்ந்தது. 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1948-இல் யோகமும் வேதாந்தமும் கற்பிக்கும் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1950-இல் இந்தியா முழுவதும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். மலாயாவுக்கு அவர் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் தொடங்கிய சங்கம் இங்கே வந்தது. சுவாமி பிரணவானந்தாவின் முயற்சியால் பத்துமலையில் சிவானந்தாசிரமம் அமைந்தது.

படமும் தினக்குறிப்பும்

மனத்தைப் பற்றி அவர் எழுதிய நூல்களில் எண்ணத்தின் ஆற்றலைப் பற்றியது உலகெங்கும் படிக்கப்பட்டது. எண்ணம் ஒரு சக்தி, மனிதன் எதை இடைவிடாமல் எண்ணுகிறானோ அதன்படியே அவன் குணம் அமைகிறது என்பது அவர் கொள்கை. இலக்கைத் தெளிவாக மனத்தில் நிறுத்தும்படி அவரும் சொன்னார். இன்றைய பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. சிவானந்தர் அங்கே நிற்கவில்லை.

அவர் தம் மாணவர்களுக்கு ஆன்மிகத் தினக்குறிப்பு என்ற படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் நிரப்பச் சொன்னார். அதில் இருப்பவை பெரும்பாலும் கேள்விகள். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபப்பட்டாய், பிறருக்காக எவ்வளவு நேரம் செலவிட்டாய் என்ற வகைக் கேள்விகள். தவறினால் தனக்குத்தானே என்ன தண்டனை விதித்துக்கொண்டாய் என்றும் ஒரு கேள்வி உண்டு. ஆஸ்பத்திரியில் நோயாளியின் காய்ச்சலை நேரத்துக்கு நேரம் குறித்து வைப்பதுபோல, மனத்தையும் தினமும் குறித்து வைக்கச் சொன்னார் இந்தப் பழைய டாக்டர்.

சுவரில் ஒட்டிய படம் என்ன வேண்டும் என்பதைத்தான் காட்டும். இன்று அதற்காக என்ன செய்தோம் என்பதை அது கேட்பதில்லை. தினக்குறிப்பு கேட்கும்.

அடுத்தது பலனில் பற்று வைக்காதது. கீதை சொல்லும் இந்த வழியைச் சிவானந்தர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத பாடம் அல்ல. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர், வெட்டினால் பால் வரும் என்ற உறுதியோடுதான் போகிறார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெடும், மேலாகப் போனால் பால் வராது. அது அவர் கையில் இருக்கிறது. எட்டு மணிக்கு மழை கொட்டி மங்கில் இருக்கும் பால் வீணாகிப் போவது அவர் கையில் இல்லை. மழை வந்ததற்காகத் தன் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று அவர் வருந்துவதில்லை. மறுநாள் அதே நேரத்துக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நிற்கிறார்.

தோற்று வந்த இளைஞர்

1958-இல் ரிஷிகேசத்துக்கு ஓர் இளம் பொறியியல் பட்டதாரி வந்தார். ராமேஸ்வரத்தைச் சேர்ந்த அவர் பெயர் அப்துல் கலாம். விமானப் படையில் விமானியாக வேண்டும் என்பது சிறு வயது முதல் அவர் மனத்தில் வளர்த்த கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவது இடம் பெற்றார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. ஓர் இடத்தில் கனவு நழுவிப்போனது.

மனம் உடைந்து கங்கையில் குளித்துவிட்டுச் சிவானந்தரின் ஆசிரமத்துக்குப் போனார் கலாம். வந்தவர் முஸ்லிம் என்பதைச் சுவாமி பொருட்டாகவே கருதவில்லை. முகத்தைப் பார்த்ததுமே துயரத்தின் காரணத்தை விசாரித்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் இந்தச் சந்திப்பை விவரித்திருக்கிறார். உள்ளத்திலிருந்து எழும் தூய்மையான, உறுதியான விருப்பத்துக்குப் பெரும் ஆற்றல் உண்டு என்று சுவாமி எடுத்துச் சொன்னார். கூடவே, இந்தத் தோல்வியை மறந்துவிடும்படியும், விமானியாவது விதிக்கப்பட்ட வழியல்ல என்று ஏற்று நடக்கும்படியும் சொன்னார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். விருப்பத்துக்கு ஆற்றல் உண்டு என்றால் அதை ஏன் விட வேண்டும்? சிவானந்தரின் வாழ்க்கையே இதற்கு விளக்கம். மக்களுக்கு மருத்துவ அறிவைக் கொண்டுசேர்க்கும் விருப்பம் 'அம்புரோசியா' நின்றதோடு நிற்கவில்லை. தோட்ட மருத்துவமனையிலும் கங்கைக் கரை மருந்தகத்திலும் அது தொடர்ந்தது. விட வேண்டியது, அது இந்த வழியில்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை.

கலாம் டில்லிக்குத் திரும்பினார். அங்கே ஏற்கெனவே நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்த பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவில் முதுநிலை அறிவியல் உதவியாளர் பணி காத்திருந்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அதை ஏற்றுக்கொண்டார். 1980-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் விண்ணில் பாய்ந்தபோது அந்தத் திட்டத்தின் இயக்குநர் அவர். 2002-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார். 2006-இல், 74 வயதில், புனே விமானத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

எல்லாத் தோல்விக்குப் பின்னாலும் இப்படி ஒரு முடிவு காத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஆண்டு டேராடூனில் கலாமுக்குப் பின்னால் நின்ற மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் தோற்று வந்த இளைஞரைப் பார்த்து, உன் நம்பிக்கை போதவில்லை என்று சிவானந்தர் குறை சொல்லவில்லை. அடுத்த வேலையைப் பார்க்க அனுப்பி வைத்தார். தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் இதுதான்.

சுவாமி சிவானந்தர் 1963 ஜூலை 14-ஆம் நாள், 75-ஆம் வயதில், கங்கைக் கரையில் இருந்த தம் ஆசிரமத்தில் மறைந்தார். லட்சுமண் ஜூலாவில் காப்புறுதிப் பணத்தில் தொடங்கிய மருத்துவத் தொண்டு அவரோடு முடியவில்லை. ரிஷிகேச ஆசிரமத்தின் தர்ம மருத்துவமனையில் இன்றும் நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள், சிரம்பான் தோட்டத்தில் ஒரு காலத்தில் காத்திருந்ததைப்போலவே.